வெந்தயப் பால்

காப்ஸ்யூலின் இரு முனைகளையும் விரல்நுனிகளால் பற்றி, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். திருகினால் உறை நசுங்கித் தூள் சிதறும். இதை இன்ஸாஃப் இரண்டாம் நாளே கற்றுக்கொண்டிருந்தாள். இன்று ஒன்பதாம் நாள். உறை பிரிந்து மஞ்சள் தூள் கண்ணாடித் தம்ளரின் அடியில் விழுந்தது. அதன்மேல் ஒரு கரண்டித் தேன். அதன்மேல் வெந்தயத்தோடு கொதிக்கவைத்து வடிகட்டிய பால். கலக்கும்போது கரண்டி தம்ளரின் விளிம்பில் படாமல் பார்த்துக்கொண்டாள். பட்டு ஓசை எழுந்தாலும் ஒன்றும் நேர்ந்துவிடாது. குளிர்காலத்தில் திம்யாத் நகரத்தின் எல்லா அடுப்படிகளிலும் யாரேனும் ஒருவர் பாலில் தேன் கலக்கிக்கொண்டுதான் இருப்பார். ஆயினும் ஒன்பது நாள்களாக அந்த ஓசையை அவள் எழவிட்டதில்லை. காலியான உறையின் இரு பாதிகளையும் குப்பையில் போடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.

அவளுடைய பங்கு தனி. அதைக் காலையிலும் மாலையிலும் தங்கள் பாலாடைக்கட்டிக் கடையின் பின்கட்டில், தண்ணீரோடு, முழுதாக விழுங்கிவிடுவாள். கணவன் ஷஹாத்தாவின் பங்குதான் இப்படித் தூளாகிப் பாலில் கரைய வேண்டியிருந்தது. வெந்தயப் பாலை அவள் மிகவும் யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். அது இயல்பாகவே மஞ்சள், இயல்பாகவே கசப்பு. இந்த மருந்துக்கென்றே யாரோ கண்டுபிடித்த பானம்போல் இருந்தது.

கூடத்தில் ஷஹாத்தா ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"முன்னெல்லாம் இவ்வளவு கசக்காதே."

"வெந்தயம் கசக்காம, பின்னே பேரீச்சம்பழமாட்டம் இனிக்குமா?" என்றாள் அவன் தாய் ஃபிக்ரிய்யா. கம்பளியைக் காலோடு சுற்றிக்கொண்டு சோபாவின் மூலையில் அமர்ந்திருந்தாள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிடா. ஆம்பளைக்கு இது பலம். உங்கப்பன் இதைக் குடிச்சுத்தான் ஏழு பெத்தான்."

"பெத்தது நீ. அவரு குடிச்சாரு, அவ்வளவுதான்."

"வாய் மட்டும் அப்பன் வாய்."

அந்த ஏழில் ஆறு தங்கவில்லை. ஏழாவது பிறந்தபோது ஃபிக்ரிய்யா அவனை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏழு வீடுகளின் வாசலில் நின்று ரொட்டித் துண்டு யாசித்தாள். பிச்சையாக வந்த பிள்ளையை மரணம் பொருட்படுத்தாது என்பது நம்பிக்கை. ஷஹாத்தா என்ற பெயருக்கே பிச்சை என்றுதான் பொருள். அந்தத் தந்திரம் பலித்தது. ஆகவே அவனைப் பற்றி எவரும் குறையாக ஒரு சொல் சொல்வதை அவள் முப்பத்தாறு ஆண்டுகளாக அனுமதித்ததில்லை.

ஷஹாத்தா தம்ளரைக் காலியாக்கிக் கீழே வைத்தான். அடியில் மஞ்சளாக ஒரு வளையம் தங்கியிருந்தது. இன்ஸாஃப் அதில் சிறிது பால் ஊற்றிச் சுழற்றி, "இதையும் குடிச்சிருங்க, தேன் அடியில நிக்குது," என்றாள். அவன் குடித்தான். அவன் நல்லவன். அதுதான் காரியத்தைக் கடினமாக்கியது.

*

இந்தப் பால் தொடங்குவதற்கு முன், டாக்டர் நெவீன் கருப்பையின் எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, முதலில் இன்ஸாஃபுக்கு ஒன்றும் புலப்படவில்லை. பிறகு கருமையின் நடுவே வெள்ளையாக ஒரு முக்கோணம் தெரிந்தது. அதன் இரு மூலைகளிலிருந்தும் இரண்டு நூல்கள் கிளம்பின. வலப்புறத்து நூல் மெலிந்து நெளிந்து சென்று, முனையில் புகைபோல் கலைந்திருந்தது. இடப்புறத்து நூல் கலையவில்லை. முனையில் கட்டப்பட்ட பைபோல் உப்பி நின்றது.

"இந்தப் பக்கம் பாருங்க. படத்துக்காக ஏத்தின மருந்து குழாயிலருந்து வெளிய வராம வீங்கி நிக்குது. அடைச்சாச்சு. ஒரே நாள்ல ஆனதில்ல இது. கிருமி வரும், நீங்க ஏதோ மாத்திரை போடுவீங்க, போயிடும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு தழும்பு."

"இந்தப் பக்கம்?"

"திறந்திருக்கு. இது ஒண்ணு போதும் குழந்தைக்கு. ஆனா இன்னொரு தடவை கிருமி ஏறுச்சுன்னா இதுவும் மூடிக்கும். அப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல."

ஆறு ஆண்டுகளாக அடிவயிற்றில் வந்து வந்து போன வலியை அந்த வீட்டில் குளிர்ச்சி என்றே சொல்லிவந்தார்கள். வெறுங்காலோடு கடைத் தரையைக் கழுவுவதால் வருவது. சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தால் தணிவது. வெள்ளைப்படுதலைப் பற்றி யாரும் பேசியதேயில்லை.

"நான் சுத்தமாத்தான் இருக்கேன், டாக்டரம்மா. எப்படித் திரும்பத் திரும்ப வருது?"

நெவீன் பேனாவைக் கீழே வைத்தாள். "சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வீட்டுக்காரர் என்ன வேலை?"

"லாரி. கட்டில், அலமாரி எல்லாம் ஏத்திக்கிட்டு எல்லை தாண்டி பெங்காசி வரைக்கும் போவாரு. போனா ரெண்டு வாரம், மூணு வாரம்."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தாள். இரண்டு சீட்டுகள் எழுதினாள். இரண்டிலும் ஒரே மருந்து. "பதினாலு நாள். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆரம்பிக்கணும். முடியற வரைக்கும் சேரக் கூடாது. அவரு போடலேன்னா நீங்க போட்டதும் வீண், புரியுதா? அப்புறம் கம்பளி, மூலிகைன்னு யார் எதைக் கொடுத்தாலும் உள்ள வெச்சுக்காதீங்க. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு அதுல கெட்டுப்போய் வர்றவங்கதான்." தொலைபேசி அடித்தது. அவள் அதை எடுத்துக்கொண்டே, "மூணு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுப்போம்," என்று கையசைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்ஸாஃப் அந்த வாக்கியத்தைப் பல விதமாக அமைத்துப் பார்த்தாள். நம்ம ரெண்டு பேருக்கும் மருந்து கொடுத்திருக்காங்க. உங்களுக்கும் சும்மா ஒரு மருந்து. எப்படி அமைத்தாலும் அது அவன் கேட்கப்போகும் ஒரு கேள்வியில் போய் முடிந்தது: எனக்கு எதற்கு? அதற்கு அவளிடம் இருந்த விடை ஒன்றுதான். அந்த விடையைச் சொன்னால், அவன் அந்தக் கிருமியை எங்கே வாங்கிவந்தான் என்பதைக் குறித்து அந்த வீட்டில் யாரும் விசாரிக்கப்போவதில்லை. அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் விசாரிப்பார்கள். அவன் வாரக்கணக்கில் இல்லாத வீட்டில், ஆண்களும் வந்துபோகும் கடையில் இருப்பவள் அவள். ஃபிக்ரிய்யா மகனுக்கு வேறு பெண் பார்ப்பதைப் பற்றி இரண்டு முறை பேசியிருந்தாள். இரண்டு முறையும் அவன்தான் மறுத்திருந்தான். மூன்றாம் முறை மறுக்காமலிருக்க ஒரு காரணத்தைத் தானே தட்டில் வைத்துக் கொடுப்பதா?

ஃபிக்ரிய்யாவைப் பொறுத்தவரை நோயே வேறு. திருமணமான ஏழாம் நாள், மணப்பெண் அறையைவிட்டு வெளியேறாத நாள்களில், பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பச்சை இறைச்சிப் பையோடு நேராக அந்த அறைக்குள் வந்துவிட்டாள். அன்று விழுந்தது, கருத்தரிக்க விடாத கட்டு. அதை அவிழ்க்க மருத்துவச்சி உம்மு ஸய்யித், எண்ணெயில் ஊறிய கம்பளி உருண்டைகள் மூன்றைத் துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். ஐந்து நாளுக்கு ஒன்று உள்ளே வைக்க வேண்டும். பதினைந்து நாள் புருஷன் தொடக் கூடாது.

பதினைந்து நாள். இன்ஸாஃபுக்கு வேண்டியிருந்தது பதினான்கு. அவள் வாழ்க்கையில் முதன்முறையாக மாமியாரின் மருத்துவத்துக்கு உடனே இணங்கினாள்.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே," என்றாள் ஃபிக்ரிய்யா. மகனிடம், "பதினஞ்சு நாள், கேட்டியா? கையைக் கட்டிக்கிட்டு இரு."

"லாரியும் பட்டறையில, பொண்டாட்டியும் பட்டறையிலயா?" என்றான் ஷஹாத்தா. எஞ்சின் வேலைக்காக லாரி நின்றிருந்த பருவம் அது. அவனே சிரித்துக்கொண்டான்.

அன்று கடையின் பின்கட்டில் பெரிய அண்டாவில் பால் காய்ந்துகொண்டிருந்தது. மரச்சாமான் பட்டறைகளிலிருந்து வந்த இழைப்புச் சுருளும் கட்டைத் துண்டுகளும் அடியில் எரிந்தன. பாலாடைக்கட்டிக்கு உறை ஊற்றும்வரை அங்கே யாரும் வருவதில்லை. இன்ஸாஃப் கம்பளி உருண்டைகளை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டாள். ஆட்டுமயிர் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. பிறகு மருந்துப் பெட்டிகள். காப்ஸ்யூல் அட்டைகளை மட்டும் எடுத்துக் கருஞ்சீரக டப்பாவில் புதைத்திருந்தாள். பெட்டிக்குள் எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருந்தது. விரித்தால் இரு பக்கமும் பொடி எழுத்து. ஆறாம் வகுப்புவரை படித்தவள். பாலாடைக்கட்டி மடிக்கும் பழைய செய்தித்தாள்களை மடிப்பதற்கு முன் படித்துவிடும் பழக்கம் அவளுக்கு உண்டு. இதையும் படிக்க எண்ணினாள். இந்த மருந்தில் அடங்கியவை என்ற முதல் தலைப்பைத் தாண்டியபோது வாசலில் மாமியாரின் செருப்போசை கேட்டது. தாள் நெருப்பில் விழுந்து, ஒருகணம் எழுத்துகளெல்லாம் வெளிச்சமாகத் தெரிய, சுருண்டது.

"என்ன நாத்தம்?" என்றாள் ஃபிக்ரிய்யா.

"கட்டையில பசை ஒட்டியிருந்துச்சு அத்தே."

அன்றிரவு இன்ஸாஃப் நன்றாகத் தூங்கினாள். தீங்கு செய்யக்கூடியவை அனைத்தையும் எரித்துவிட்டதாக அவள் நம்பினாள்.

*

பதினான்காம் நாள் மாலையில் கடைசித் தம்ளர் காலியானது. மறுநாள் அவள் மருத்துவச்சியின் கணக்குக்காகக் காத்திருந்தாள். அதற்கடுத்த நான்கு நாள்கள் ஷஹாத்தா வீட்டிலிருந்தான். பட்டறையிலிருந்து லாரி வந்ததும் எட்டுப் படுக்கையறைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேற்கே புறப்பட்டான். போகும்போது, "அந்தக் கசப்புப் பாலை நெனச்சுக்கிட்டே போறேன். எவன் கடையிலயும் அது மாதிரி கெடைக்காது," என்றான். அவள் வாசலில் நின்று, லாரி பாலத்தில் ஏறி மறையும்வரை பார்த்தாள். கட்டில்களின் தலைமாட்டுப் பலகைகள் தார்ப்பாய்க்கடியில் வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தன.

அவன் போன மூன்றாம் வாரத்தின் தொடக்கத்தில் வலி வந்தது. வலி என்று சொல்ல முடியாத ஒன்று. உப்புநீரிலிருந்து தகர டின்னைத் தூக்கும்போது அடிவயிற்றில் யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதுபோல் இருந்தது. குனிந்து நிமிர்ந்தால் போய்விட்டது. மறுநாளும் அதே இடத்தில் அழுத்தியது. அது இடப்புறமாக இருக்க வேண்டும் என்று விரும்பினாள். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, விரலால் தொட்டுப் பார்த்தாள். வலப்புறம்.

குளிர்ச்சி, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல் அவளுக்கு எத்தனை வசதியாக வந்தது என்பதை அவளே கவனித்தாள்.

அந்த வார வியாழக்கிழமை, கடையில் காலைக் கூட்டம். குழந்தையில்லாத பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், வராதவனின் தாய் என்று பொருள்படும்படி உம்மு காயிப் என்று அழைப்பது அந்தத் தெருவின் நாகரிகம். குறை சொல்வதாகவும் ஆகாது, மறந்துவிட்டதாகவும் ஆகாது.

"உம்மு காயிப், எனக்கு உப்புக் கம்மியா ஒரு கிலோ. போன தடவை கொடுத்தியே, கடலையே அள்ளி வாயில போட்ட மாதிரி இருந்துச்சு."

"போன தடவை முழுசும் தின்னுட்டுத்தானே சொல்றீங்க?"

கூட்டம் சிரித்தது. அடுத்து நின்றவள் மூலை மருந்துக்கடையில் வேலை செய்யும் ஸப்ரீன். வெள்ளை மேலங்கியோடேயே வந்திருந்தாள். ஒவ்வொரு வியாழனும் ஒரு கிலோ வாங்குபவள். இன்ஸாஃப் கேட்காமலே ஒரு கிலோவுக்குக் கத்தியை வைத்தாள்.

"அரைக் கிலோ போதும். தங்கச்சிக்குப் பத்தியம்."

"என்ன உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, மூஞ்சிக்கு. அடுத்த மாசம் நிச்சயதார்த்தம்; முகம் பூரா பரு. அவ அழுத அழுகையில பரு கரைஞ்சிருக்கணும். டாக்டர் மாத்திரை எழுதியிருக்காரு, மஞ்சளா ஒரு தூள், காப்ஸ்யூல்ல. அது உள்ள போற நேரத்துல பால், தயிர், பாலாடைக்கட்டி எதுவும் சேரக் கூடாது. இவளுக்குக் கட்டுப்பாடு கிடையாது, அதான் வீட்டுக்கே கம்மியா வாங்குறேன்."

கத்தி பாலாடைக்கட்டியின் நடுவில் நின்றது.

"சேர்ந்தா என்ன?"

"சேர்ந்தா பாலு மருந்தைப் பிடிச்சுக்கும். பாதி ரத்தத்துல சேராம அப்படியே வெளிய போயிடும். வியாதி சாகாது, மயங்கி எந்திரிக்கும், அவ்வளவுதான். பெட்டிக்குள்ள தாள்ல போட்டிருக்கே. யாரு படிக்கிறா?"

இன்ஸாஃப் கத்தியை இறக்கினாள். துண்டு சரியாக அரைக் கிலோ இருந்தது. அதைச் செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றி, முடிச்சுப் போட்டாள். பதினான்கு நாள், இருபத்தெட்டுத் தம்ளர். கடைசிச் சொட்டுவரை குடிக்கவைத்தது அவள்தான். அடியில் தங்கிய வளையத்துக்கு மறுபடியும் பால் ஊற்றியதும் அவள்தான்.

"ஸப்ரீன்," என்றாள். "நில்லு. நானும் உன்கூட வர்றேன்."

"கடை?"

"அத்தே பாத்துப்பாங்க."

மருந்துக்கடைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று, அந்த மருந்தின் பெயரைச் சொன்னாள். பெயர் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஸப்ரீன் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, "எத்தனை நாளுக்கு?" என்றாள்.

"பதினாலு. ரெண்டு பேருக்கு."

ஸப்ரீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பருவுக்கு இரண்டு பேர் சேர்ந்து மருந்து போடுவதில்லை. "யாருக்கு?"

"எனக்கும் அவருக்கும்."

அந்தச் சொற்கள் வெளியே வந்து, கண்ணாடியில் பட்டு, அங்கேயே நின்றன. அவற்றை அவள் இதற்குமுன் உரக்கச் சொன்னதில்லை. ஸப்ரீன் இன்னொரு பெட்டியையும் எடுத்து வைத்தாள். "முதல்ல டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க அக்கா. வலி இருக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். இன்ஸாஃப் தலையசைத்தாள். ஸப்ரீன் ஒரு பெட்டியைத் திறந்து, தாளை விரித்து, பேனாவால் இரண்டு இடங்களில் கோடிட்டாள். ஒன்று பாலைப் பற்றியது. மற்றது, உறவால் பரவும் தொற்றென்றால் துணைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும் என்பது. கோடு நேராக இருந்தது.

டாக்டர் நெவீனின் உதவியாளர் தொலைபேசியில் சனிக்கிழமை வரச் சொன்னார். ஷஹாத்தா அன்று மாலைக்குள் வந்துவிடுவதாக வழியிலுள்ள மத்ரூஹிலிருந்து ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தான்.

*

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கான அழைப்பு முடிந்த சற்றுநேரத்தில் லாரியின் ஒலிப்பான் இரண்டு முறை ஒலித்தது. அது அவன் வழக்கம். மூன்று வாரத் தூசியோடு உள்ளே வந்தான். தாயின் கையை முத்தமிட்டான். இன்ஸாஃபுக்கு நீல நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கிவந்திருந்தான். அதை அவனே பிரித்து அவள் தோளில் போட்டான்.

"இளைச்சுட்டியே. அம்மா, இவளுக்குச் சோறு போட்டியா இல்லையா?"

"நான் போடாமலா? அவ தின்னாத்தானே. ரெண்டு நாளா முகத்துல ஈயாடல. மருத்துவச்சி வெச்சது பலிச்சிருக்கும்னு பாக்குறேன்," என்ற ஃபிக்ரிய்யா, மருமகளின் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வையை விட்டுத் திருப்பிக்கொண்டாள். "அடுப்புல பாலை ஏத்து. வந்தவன் குடிக்கட்டும்."

"வெந்தயம் போடு," என்றான் அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "கசப்பு நாக்குலயே நிக்குது, மூணு வாரமா."

இன்ஸாஃப் அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். வெந்தயத்தையும் போட்டாள். கருஞ்சீரக டப்பாவுக்குப் பின்னாலிருந்த பெட்டிகளை எடுத்தாள். இம்முறை அட்டைகளை உருவவில்லை, பெட்டியை எரிக்கவில்லை. தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தாள். அதன் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். அவற்றின்மேல் விரித்த தாள், கோடிட்ட பக்கம் மேலே தெரியும்படி. அடிவயிற்றில் வலப்புறத்துக் கட்டைவிரல் அழுத்தியது. சால்வையைத் தோளிலிருந்து எடுக்க மறந்து, அப்படியே தட்டைக் கொண்டுபோய் அவன் முன்னாலிருந்த முக்காலியில் வைத்தாள்.

"பால் எங்கே?"

"இது பாலோட ஆகாது."

"என்னது இது?"

"மருந்து."

"யாருக்கு?"

ஃபிக்ரிய்யா கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். இன்ஸாஃப் அவளைப் பார்க்கவில்லை.

"நமக்கு," என்றாள். "ரெண்டு பேருக்கும். போன மாசம் நீங்க குடிச்ச பால்லயும் இதான் இருந்துச்சு."

ஷஹாத்தா தாளை எடுத்தான். எல்லைச் சாவடிகளில் காகிதங்களைப் படித்துப் பழகியவன். அவசரப்படாமல், விரலை வரியின் அடியில் வைத்து மெல்ல நகர்த்திப் படித்தான். முதல் கோட்டைக் கடந்தான். விரல் இறங்கியது. இரண்டாம் கோட்டின்மேல் வந்து நின்றது. பிறகு நகரவில்லை. நகத்தின் இடுக்கில் லாரி எண்ணெய் கறுத்திருந்தது.

"என்னடா போட்டிருக்கு அதுல?" என்றாள் ஃபிக்ரிய்யா. "படிச்சுச் சொல்லேன். டேய், உன்னைத்தான்."

அவன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உடனே எழுந்துவிடுவான் என்று இன்ஸாஃப் நினைத்தாள், அவன் எழவில்லை. தண்ணீர்த் தம்ளர் அவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தட்டிவிடவும் அதே தூரம்தான்.

அடுக்களையில் பால் மஞ்சள் நுரையோடு ஏறி, விளிம்பில் ஒருகணம் தயங்கி, சுற்றிலும் வழிந்தது. சுடர் இரண்டு முறை நீலமாகத் துடித்து அணைந்தது. தீய்ந்த வெந்தயத்தின் வாடை கூடத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வாடை. மூவரில் ஒருவரும் அசையவில்லை. அணைந்த அடுப்பிலிருந்து எரிவாயு சீறிக்கொண்டிருந்தது.